காவல் வீட்டில் பிறந்த படிப்பு

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "என்னப்பா, பிஎச்.டி. இன்னும் முடியலையா?" கேட்பவருக்கு கைடு என்றால் யார் என்று தெரியும். தீசிஸ் என்று ஒன்று எழுத வேண்டும், வைவா என்று ஒன்று நடக்கும் என்பதும் தெரியும். ஐந்தாறு வருடமாக அந்தப் பிள்ளை லேபுக்குள் என்னதான் செய்கிறது என்பது மட்டும்தான் அவருக்குப் பிடிபடாத சங்கதி.

அந்தப் பிள்ளை செய்வது பழைய காரியம். ஆசானின் மேஜைக்குப் பக்கத்தில் நின்று, அவருக்கே விடை தெரியாத ஒரு கேள்வியைத் தன் கையால் குடைந்து பார்ப்பது. இன்று எச்.ஐ.வி. கிருமியை ஆராயப் போகும் மாணவர்கள் சென்னையிலும் டர்பனிலும் கம்பாலாவிலும் இப்படித்தான் தயாராகிறார்கள். இந்தப் பழக்கம் எந்த ஊரில் பிறந்து யார் யார் கை மாறி அங்கே போனது என்று தேடினால், வழியில் ஒரு மளிகை வியாபாரியும் ஒரு கொத்தனாரும் நோயுற்ற ஒரு கோழியும் எதிர்ப்படுகிறார்கள்.

1824-ல் ஜெர்மனியின் கீசென் என்ற சிற்றூருக்கு 21 வயது வேதியியல் பேராசிரியர் ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் யுஸ்டுஸ் லீபிக். அவருக்குக் கிடைத்த இடம், கைவிடப்பட்ட ராணுவப் பாசறையின் காவல் வீடு. அந்தக் காலத்தில் வேதியியல் வகுப்பு என்றால் ஆசிரியர் மேடையில் செய்து காட்டுவார், மாணவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். லீபிக் அவர்களை எழுப்பி அடுப்படிக்கே கூட்டிவந்தார். முதலில் வந்தவர்களில் பலர் மருந்துக்கடை வைக்கப் போகிற பையன்கள். நல்ல மருந்தா, கலப்படமா என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும் என்று வந்தவர்களிடம், யாரும் இதுவரை பிரித்துப் பார்க்காத பொருளைக் கொடுத்து, "நீயே பார்த்துச் சொல்" என்று விட்டார்.

1831-ல் அவர் ஐந்து குமிழ்கள் கொண்ட ஒரு சிறு கண்ணாடிக் கருவியைச் செய்தார். ஒரு பொருளில் கரி எவ்வளவு என்று அளக்க அதுவரை பெரிய மேதைகளின் கைத்திறன் தேவைப்பட்டது. இந்தக் கருவி வந்த பிறகு, பொறுமையுள்ள எந்த மாணவனும் அளந்துவிடலாம். ஆராய்ச்சி பிறவி மேதைகளின் வித்தையாக இருந்த நிலை மாறி, கற்றுக்கொடுக்கக்கூடிய தொழிலானது இந்தக் குமிழ்களால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்க வேதியியல் சங்கத்தின் சின்னத்தில் இன்றும் அந்தக் குமிழ்கள் இருக்கின்றன.

கீசெனுக்குப் படிக்க வந்தவர்கள் ஊர் திரும்பியதும் அதையே நகலெடுத்தார்கள். லண்டனில் ஒன்று, ஹார்வர்டில் ஒன்று. 1861-ல் யேல் பல்கலைக்கழகம் அமெரிக்காவின் முதல் பிஎச்.டி. பட்டங்களைக் கொடுத்தது. ஆனால் முழு அச்சையும் அப்படியே பெயர்த்துக்கொண்டு போனவர் வேறொருவர். அவர் கல்லூரிப் படியே ஏறாதவர். பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மளிகை மொத்த வியாபாரத்தில் தொடங்கி ரயில் பங்குகளில் பெருத்தவர். அவர் விட்டுச்சென்ற 70 லட்சம் டாலரில் பாதி மருத்துவமனைக்கும் பாதி பல்கலைக்கழகத்துக்கும் போனது. 1876-ல் திறந்த அந்தப் பல்கலைக்கழகம் ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து அழைத்தது. படிக்கிறவனுக்குப் பணம் கொடுப்பதா என்று பலர் வியந்திருப்பார்கள். இன்றைய ஆய்வு மாணவர் மாதாமாதம் எதிர்பார்த்திருக்கும் ஃபெல்லோஷிப்புக்கு அந்த மளிகைப் பணம் ஒரு பாட்டன்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் 1905-ல் பட்டம் பெற்றவர் பெய்டன் ரவுஸ். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில் அவர் இருந்தபோது, நெஞ்சில் கட்டியோடு ஒரு கோழி அவரிடம் வந்து சேர்ந்தது. கட்டியை அரைத்து, பாக்டீரியாவும் நுழைய முடியாத வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றை இன்னொரு கோழிக்குச் செலுத்தினார். அதற்கும் கட்டி வந்தது. புற்றுநோயை ஒரு வைரஸ் உண்டாக்கும் என்று 1911-ல் அவர் எழுதியதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நோபல் பரிசு வந்தது 1966-ல், 55 வருடம் கழித்து.

அந்தக் கோழி வைரஸை மறுபடி கையில் எடுத்தவர் கால்நடை மருத்துவர் ஹாரி ரூபின். 1950-களில் கலிபோர்னியாவின் கால்டெக்கில் அவரும் ஹோவர்டு டெமின் என்ற ஆய்வு மாணவரும் சேர்ந்து, அந்த வைரஸைக் கோழிச் செல்களில் எண்ணி அளக்க ஒரு வழி கண்டார்கள். மாணவப் பருவத்தில் பிடித்த கேள்வி டெமினை விடவேயில்லை. மரபுச் செய்தி டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ.வுக்குத்தான் போகும் என்று உலகமே நம்பியிருந்த காலத்தில், இந்த வைரஸ் எதிர்த்திசையில் எழுதுகிறது என்று அவர் பல வருடம் தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 1970-ல் அவரும் சடோஷி மிசுடானியும் ஒருபுறம், டேவிட் பால்டிமோர் மறுபுறம், அந்தத் தலைகீழ் எழுத்தருக்கு ஆதாரம் காட்டினார்கள். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்று அந்த நொதிக்குப் பெயர்.

இப்போது அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டும். பாரிஸின் பாஸ்டர் நிலையம் 1888-ல் திறந்தது. அடுத்த ஆண்டே எமில் ரூ அங்கே நுண்ணுயிரியல் செய்முறை வகுப்பைத் தொடங்கினார். படித்தவர்கள் உலகின் பல மூலைகளுக்கும் போய்ச் சிறு சிறு பாஸ்டர் நிலையங்களைக் கட்டினார்கள். பெயர் அவ்வளவு பரவியதால் நம் குன்னூரிலும் 1907-ல் ஒரு பாஸ்டர் நிலையம் எழுந்தது.

1970-களின் தொடக்கத்தில் பாஸ்டர் நிலையத்தின் வாசலில் பிரான்சுவாஸ் பாரே (பின்னாளில் பாரே-சினூஸி) என்ற கல்லூரி மாணவி வந்து நின்றார். பல லேபுகளில் கேட்டு இடம் கிடைக்காமல் வந்தவர். சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறேன் என்றார், சேர்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் லேப் வேலை அவரை முழுக்க இழுத்துக்கொண்டது. வகுப்புக்குப் போவதே நின்றது. தோழிகளின் நோட்டைப் படித்துத் தேர்வு மட்டும் எழுதினார். நம் வீட்டுப் பிள்ளை இப்படிச் செய்தால் என்ன சொல்லியிருப்போம் என்று நினைத்துப் பார்க்கிறேன். அவர் பிஎச்.டி.க்கு எடுத்துக்கொண்ட பொருள், டெமினின் அந்தத் தலைகீழ் எழுத்தர் நொதியை அடக்கும் ஒரு மருந்து.

1983 ஜனவரியில், எய்ட்ஸின் முதல் அறிகுறிகளோடு இருந்த ஒருவரின் நிணநீர்க் கணுவிலிருந்து எடுத்த துண்டு அந்த லேபுக்கு வந்தது. செல்களை வளர்த்து, சில நாளுக்கு ஒருமுறை அதே நொதியைத் தேடினார் பாரே-சினூஸி. இரண்டு வாரம் கழித்து நொதி தென்பட்டது. சந்தோஷம் நீடிக்கவில்லை, செல்கள் செத்துக்கொண்டிருந்தன, நொதியும் குறைந்தது. ரத்தக் கொடையாளி ஒருவரின் புதிய வெள்ளணுக்களைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். நொதி மறுபடி ஏறியது. கிருமி அந்தச் செல்களைத் தின்று வளர்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. மே மாதம் கட்டுரை வெளியானது. 2008-ல் நோபல். கோழியிலிருந்து தொடங்கிய கைமாற்றம் நடுவில் ஓரிடத்தில் அறுந்திருந்தால், எய்ட்ஸ் கண்டறியப்பட்டு இரண்டே வருடத்தில் கிருமியைப் பிடித்திருக்க முடியாது.

அதே பாரிஸ் லேபில் ஒரு விபத்தும் நடந்தது. வேறொரு நோயாளியின் வைரஸ், வேகமாக வளரும் சாதி, பக்கத்துக் குடுவைக்குள் ஊடுருவிவிட்டது. அந்தக் குடுவையிலிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பிய மாதிரி ராபர்ட் காலோவின் லேபிலும் புகுந்து அங்குள்ள வைரஸ்போல வளர்ந்தது. யார் முதலில் கண்டது என்று இரண்டு நாடுகளும் வருடக்கணக்கில் வழக்காடின. இரண்டு இடத்திலும் இருந்தது ஒரே வந்தேறிதான் என்று 1991-ல்தான் தெளிவானது. ஹார்வர்டிலும் இப்படி ஒன்று நிகழ்ந்தது. அங்கே பூனைகளின் ரத்தப் புற்று வைரஸை ஆராய்ந்த மேக்ஸ் எசெக்ஸும் அவருடைய மாணவி ஃபிலிஸ் கான்கியும் கால்நடை மருத்துவர்கள். 1985-ல் செனகலின் சுலைமான் எம்பூப்பும் சில பிரெஞ்சு ஆய்வாளர்களும் இவர்களோடு சேர்ந்து, டக்கார் பெண்களின் ரத்தத்தில் எச்.ஐ.வி.யின் இன்னொரு வகை உண்டு என்று காட்டினார்கள். அது சரியான கண்டுபிடிப்பு. ஆனால் அதையொட்டி மனித வைரஸ் என்று பிரித்தெடுத்ததாக நினைத்தவை, லேபிலேயே இருந்த குரங்கு வைரஸ் என்று 1988-ல் தெரியவந்தது. இன்று எச்.ஐ.வி. லேபில் காலடி வைக்கும் மாணவருக்கு முதலில் சொல்லித்தருவது குடுவையில் பெயரும் தேதியும் எழுதுவது, ஒரு நேரத்தில் ஒரு மாதிரியை மட்டும் திறப்பது. இந்தப் பாடத்துக்காக இரண்டு பெரிய லேபுகள் கொடுத்த விலை சிறியதல்ல.

நம் ஊருக்கு வருவோம். 1985 கடைசியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுகலை மாணவி செல்லப்பன் நிர்மலாவுக்குத் தீசிஸ் தலைப்பு வேண்டியிருந்தது. வயது 32. கிராமத்தில் வளர்ந்தவர், இரண்டு சின்னக் குழந்தைகளின் தாய். அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன், எய்ட்ஸ் இங்கே இருக்கிறதா என்று தேடிப் பாரேன் என்றார். அது அமெரிக்கக்காரன் நோய், நமக்கு வராது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த நேரம். தயங்கிய நிர்மலாவுக்குத் தைரியம் சொன்னவர் கணவர் ராமமூர்த்தி.

பாலியல் தொழிலில் இருந்த பெண்களை எங்கே போய்த் தேடுவது? பொது மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவில் சில பெண்களின் சீட்டில் ஒரு குறிப்பு இருந்தது: "வி. ஹோம்". விஜிலன்ஸ் ஹோம். போலீஸ் பிடித்த பெண்களை வைத்திருந்த இல்லம். தினமும் அங்கே போய், கையுறைகூட இல்லாமல், மூன்று மாதத்தில் 80-க்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளை எடுத்தார். சீரத்தைப் பிரித்து வைக்க வேறு இடமில்லை; வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார்.

சோதிக்கும் வசதி வேலூர் சி.எம்.சி.யில் இருந்தது. 1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியில் மாதிரிகளை அடுக்கிக்கொண்டு கணவனும் மனைவியும் காட்பாடிக்கு ராத்திரி ரயில் ஏறினார்கள். வைரஸ் துறைத் தலைவர் ஜேக்கப் ஜான் உதவிக்கு ஜார்ஜ் பாபு, எரிக் சைமோஸ் என்ற இரண்டு இளைஞர்களை விட்டார். காலையில் வேலை தொடங்கியது. மதியம் கரண்ட் போனது. டீ குடித்துவிட்டு வந்து திறந்து பார்த்தால், ஆறு மாதிரிகள் தொற்றின் அடையாளமாக மஞ்சளாக மாறியிருந்தன. மறுபடி ரத்தம் எடுத்து, அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் உறுதிசெய்த பிறகு, மே மாதம் அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்ற முதல் செய்தி ஒரு மாணவியின் தீசிஸ் வேலையாக வந்தது. அடுத்த ஆண்டு ஆய்வேட்டைக் கொடுத்துத் தேர்வு முடித்த நிர்மலா, கிண்டி கிங் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

வேலூரில் மஞ்சளான அந்தச் சோதனை எலைசா. அதற்கும் ஒரு மாணவக் கதை உண்டு. ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் ஈவா எங்வால் தன் கைடு பீட்டர் பெர்ல்மானோடு 1971-ல் வெளியிட்ட முறை அது. அப்போது அவர் பிஎச்.டி. மாணவி. அதே நேரத்தில் நெதர்லாந்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வாளர்கள் தனியாக அதே யோசனைக்கு வந்திருந்தார்கள். ஒரு மாணவியின் தீசிஸ் உலகச் சரக்காகி, கிட்டாக வேலூர் வந்து, இன்னொரு மாணவியின் தீசிஸுக்கு விடை சொன்னது.

இந்தக் கதையில் எனக்கு உறுத்துகிற இடத்தையும் சொல்லவேண்டும். அந்த இல்லத்துப் பெண்கள் வெளியே போகும் உரிமை இல்லாதவர்கள். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவர்கள் இருந்தார்களா? இன்று அதே தலைப்போடு ஒரு மாணவி வந்தால், காவலில் உள்ளவர்களிடம் எப்படிச் சம்மதம் கேட்பாய், முடிவை யாரிடம் சொல்வாய், சிகிச்சைக்கு என்ன வழி என்று நன்னெறிக் குழு துளைத்தெடுக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் விரிவான நெறிமுறைகளை 2000-ல் வெளியிட்டது. இன்றைய எச்.ஐ.வி. ஆய்வுப் பயிற்சியில் நன்னெறி தனிப் பாடமாக இருப்பதற்கு, உலகெங்கும் பெயர் தெரியாத இப்படிப்பட்ட பெண்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

நியூயார்க்கில் அந்தப் பாடத்தை நோயாளிகளே வகுப்புக்குள் கொண்டுவந்தார்கள். 1980-களின் கடைசியில் ஆக்ட் அப் என்ற போராட்ட அமைப்பின் கூட்டத்துக்கு ஐரிஸ் லாங் என்ற வேதியியலாளர் வந்தார். மருந்து ஆராய்ச்சியில் பல வருடம் இருந்தவர். மருந்துச் சோதனை எப்படி நடக்கிறது என்று தெரியாமல் சத்தம் போட்டுப் பயனில்லை என்று சொல்லி, பாடம் எடுக்க ஆரம்பித்தார். அறிவியல் பட்டம் இல்லாத இளைஞர்கள், பலர் கிருமியோடு வாழ்ந்தவர்கள், வைராலஜி கற்று, 1989-ல் மாண்ட்ரியல் மாநாட்டில் தங்கள் சொந்த ஆராய்ச்சித் திட்டத்தை அச்சிட்டு விநியோகித்தார்கள். இன்று எச்.ஐ.வி. மருந்துச் சோதனை நடக்கும் மையங்களில் சமுதாய ஆலோசனைக் குழு ஒன்று இருக்கிறது. அதன் முன் நின்று, வந்தவர்களுக்குப் புரிகிற சொல்லில் தன் வேலையை விளக்குவது ஆய்வு மாணவருக்கு வைவாவைவிடக் கடினமான தேர்வு.

இனி கொத்தனார். ரோட் ஐலண்டு மாநிலத்தின் ஜான் ஃபோகார்ட்டி செங்கல் வைக்கும் தொழிலாளி, அவர்கள் சங்கத் தலைவர், பிறகு நாடாளுமன்ற உறுப்பினர். மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்குவதில் விடாப்பிடியாக நின்றவர். 1967-ல் அவர் இறந்ததும், அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையங்களில் அவர் பெயரில் ஒரு சர்வதேச மையம் அமைந்தது. அந்த மையம் 1988-ல் எய்ட்ஸ் ஆய்வுக்கு வெளிநாட்டு இளைஞர்களைத் தயார் செய்யும் திட்டத்தைத் தொடங்கியது. மாணவர் அமெரிக்காவில் பாடம் படிக்கலாம். ஆய்வின் கேள்வி தன் ஊருடையதாக இருக்கவேண்டும், முடித்ததும் தன் ஊருக்குத் திரும்பவேண்டும்.

இந்தத் திட்டத்தில் அமெரிக்காவின் கிளீவ்லண்டும் உகாண்டாவின் கம்பாலாவும் சேர்ந்தன. ஆப்பிரிக்காவின் முதல் எச்.ஐ.வி. தடுப்பூசிச் சோதனை 1999-ல் கம்பாலாவில் நடந்தது. நைரோபிக்கு இந்தத் திட்டம் வருவதற்கு முன்பே கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தார் வந்திருந்தார்கள், வேறொரு காரணத்துக்காக. வின்னிபெக் நகரில் சாங்கிராய்டு என்ற பால்வினைப் புண் பரவியபோது ஆலன் ரொனால்டு அதைப் பற்றி எழுதினார். எங்களுக்கும் அதே தொல்லை, வாருங்கள் என்று நைரோபிப் பேராசிரியர் அழைத்தார். 1980 வாக்கில் புண்ணை ஆராய வந்தவர்கள், 1985-ல் அந்த ஊர்ப் பாலியல் தொழிலாளர் பெண்களின் ரத்தத்தில் எச்.ஐ.வி. ஏற்கெனவே பரவலாக இருப்பதைக் கண்டார்கள். அந்தக் கூட்டுறவு பிறகு கர்நாடகம் வரை நீண்டது.

கொத்தனாரின் சொந்த மாநிலத்துக்கும் சென்னைக்கும் ஒரு பாலம் விழுந்தது. சுனிதி சாலமன் அரசு வேலையை விட்டு, 1993-ல் தம் தந்தையின் பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கினார். நோயாளியைத் தொடவே பலர் அஞ்சிய காலம். ரோட் ஐலண்டின் பிரவுன் பல்கலைக்கழகம் ஃபோகார்ட்டி நிதியில் அந்த மையத்தின் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. புள்ளியியலும் தரவுகளைப் பராமரிப்பதும் கிராண்ட் எழுதுவதும் கற்று வந்தார்கள். சிகிச்சை சீக்கிரம் தொடங்கினால் துணைவருக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறையும் என்று 2011-ல் உலகுக்குச் சொன்ன ஆய்வில், 9 நாடுகளின் 1,763 இணையர்கள் பங்கேற்றார்கள். அந்த ஆய்வின் மையங்களில் ஒன்று சென்னையில் இருந்தது. 2015-ல் சுனிதி மறைந்தார். பத்மஸ்ரீ விருது அதற்குப் பிறகுதான் வந்தது.

டர்பன் கதையின் வேர் ஓர் அகதி வாழ்க்கையில் இருக்கிறது. தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் ஜீனா ஸ்டைனும் மெர்வின் சஸ்ஸரும் ஜோகன்னஸ்பர்க்கின் கறுப்பினக் குடியிருப்பில் வைத்தியம் பார்த்த தம்பதி. நிறவெறி ஆட்சி வலுத்த 1950-களில் நாட்டை விட்டுக் கிளம்பி, கடைசியில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தார்கள். 1990-ல் ஜீனா ஒரு கட்டுரை எழுதினார்: எச்.ஐ.வி.யைத் தடுக்க, ஆணின் தயவை எதிர்பாராமல் பெண் தானே பயன்படுத்தும் வழி வேண்டும். கொலம்பியாவில் முதுகலை படித்துத் திரும்பிய கொராயிஷா அப்துல் கரீம் அந்தக் கேள்வியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். கொலம்பியாவும் தென்னாப்பிரிக்காவும் சேர்ந்து நடத்திய ஃபோகார்ட்டி பயிற்சித் திட்டம் அவர் பொறுப்பில் 600-க்கும் மேற்பட்ட ஆய்வாளர்களை உருவாக்கியது.

2010-ல் வியன்னா மாநாட்டில் அவரும் கணவர் சலீமும் அறிவித்தார்கள்: டெனோஃபோவிர் களிம்பு பெண்களுக்குத் தொற்றை 39 சதவீதம் குறைத்தது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பிறகு வந்த பெரிய சோதனையில் அந்தக் களிம்பு பலன் தரவில்லை. ஆனால் கேள்வியை யாரும் கீழே வைக்கவில்லை. 2024-ல் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் ஆறு மாதத்துக்கு ஒரு லெனகாபவிர் ஊசி போட்டுக்கொண்ட 2,134 இளம் பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. ஜீனா கேட்டு 34 வருடம்.

ஹாரி ரூபினிலிருந்து தொடங்கிய கால்நடை மருத்துவர்களின் வரிசை ஆப்பிரிக்காவிலும் நீண்டது. நைரோபியில் கால்நடை மருத்துவம் படித்த தும்பி என்டுங்கு, மேக்ஸ் எசெக்ஸிடம் ஹார்வர்டில் பிஎச்.டி. முடித்து, டர்பனில் எச்.ஐ.வி., காசநோய் ஆய்வுக்கு ஒரு பயிற்சி வலைப்பின்னலை நடத்துகிறார். எத்தியோப்பியாவிலிருந்தும் ஜாம்பியாவிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். பட்டம் வாங்க ஆப்பிரிக்காவை விட்டுப் போகவேண்டியதில்லை. எசெக்ஸ் போட்ஸ்வானா அரசோடு சேர்ந்து 1996-ல் தொடங்கிய ஆய்வகம் கேபரோனில் இருக்கிறது. எச்.ஐ.வி.யின் மரபுத் தொடரைப் படிக்கப் பழகிய சிகுலிலே மோயோவின் குழு, 2021 நவம்பரில் சில கோவிட் மாதிரிகளைப் படித்தபோது, இதுவரை பார்க்காத அளவு மாற்றங்கள் கண்ணில் பட்டன. அதுதான் ஒமைக்ரான். தென்னாப்பிரிக்க லேபுகளும் அதே நாட்களில் அதைக் கண்டன. உலகுக்குச் சொன்ன சில நாட்களிலேயே, அந்த நாடுகளிலிருந்து யாரும் வரக்கூடாது என்று பல அரசுகள் விமானங்களை நிறுத்தின.

2025 ஜனவரியில் இன்னொரு நிறுத்தம் வந்தது. தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் தலைமையில் எட்டு ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து உருவாக்கிய எச்.ஐ.வி. தடுப்பூசித் திட்டம் முதல் சோதனையைத் தொடங்கும் தறுவாயில் இருந்தது. அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை முடக்கியதில் அதன் நிதி நின்றது. அதே ஆண்டு, அமெரிக்கச் சுகாதார நிலையங்கள் வெளிநாட்டு லேபுகளுக்குப் பணம் போகும் முறையையும் மாற்றின. கீசெனில் மருந்துக்கடைப் பையன்கள் கட்டணம் கொடுத்துப் படித்தார்கள். பால்டிமோரில் ஒரு வியாபாரியின் உயில் கொடுத்தது. பிறகு ஒரு கொத்தனாரின் பெயரில் இருந்த மையம் கொடுத்தது. பாதி எழுதிய தீசிஸோடு டர்பனில் உட்கார்ந்திருக்கும் மாணவிக்கு அடுத்த மாத உதவித்தொகையை யார் கொடுப்பது என்று அவளுடைய கைடு இப்போது கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருக்கிறார்.